மொசாம்பிக்: ரோமில் முடிந்த போர்

மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 1977 வாக்கில் மூண்ட அந்தப் போர், 1992 அக்டோபர் 4ஆம் தேதி ரோம் நகரில் கையெழுத்தான பொது அமைதி ஒப்பந்தத்தோடு முடிந்தது. போரிலும் அது கொண்டுவந்த பஞ்சத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். சுமார் 17 லட்சம் பேர் எல்லை தாண்டி அகதிகள் ஆயினர். அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இடம் கொடுத்தது மலாவி என்ற சின்னஞ்சிறு ஏழை நாடு. இன்னும் பல லட்சம் பேர் உள்நாட்டிலேயே ஊர் ஊராக ஓடினர். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஒன்றரைக் கோடியை எட்டவில்லை.

இந்தப் போரை முடித்துவைத்த பேச்சுவார்த்தை ஒரு வல்லரசின் மாளிகையில் நடக்கவில்லை, ஐ.நா. அலுவலகத்திலும் நடக்கவில்லை. ரோமில் ஏழைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பின் வீட்டில் நடந்தது. அதனால் இதை ஓர் அற்புதக் கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. உண்மை அதைவிடச் சிக்கலானது. தொண்டர்களின் பொறுமை, அரசுகளின் பணம், ஐ.நா.வின் படை, வானம் பொய்த்த ஒரு கொடும் வறட்சி ஆகிய நான்கும் சேர்ந்துதான் துப்பாக்கிகளை ஓய வைத்தன.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், இந்தியப் பெருங்கடலை ஒட்டிச் சுமார் 2,500 கிலோமீட்டர் நீளக் கடற்கரை கொண்ட நாடு மொசாம்பிக். 1975 ஜூன் 25 அன்று போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. ஆயுதம் ஏந்திப் போராடிய ஃபிரெலிமோ இயக்கம் ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவர் சமோரா மாஷெல் குடியரசுத் தலைவர் ஆனார். மருத்துவர், பொறியாளர், மெக்கானிக் என்று தொழில் தெரிந்த போர்ச்சுகீசியர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டனர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத நாட்டைப் புதிய அரசு ஏற்றுக்கொண்டது.

அதன் அண்டை நாடுகளில் இரண்டு வெள்ளை இனவெறி அரசுகள். மேற்கே ரொடீசியா, தெற்கே தென்னாப்பிரிக்கா. ரொடீசியாவின் கறுப்பின விடுதலைப் படைகளுக்கு மொசாம்பிக் புகலிடம் கொடுத்தது. பதிலடியாக ரொடீசிய உளவுத் துறை, ஃபிரெலிமோவில் அதிருப்தி கொண்டவர்களையும் பழைய போர்ச்சுகீசியப் படையில் இருந்தவர்களையும் திரட்டி ஒரு கிளர்ச்சிப் படையை உருவாக்கியது. அதுதான் ரெனாமோ. 1980ல் ரொடீசியா மறைந்து சிம்பாப்வே பிறந்தபோது அந்தப் படையைத் தென்னாப்பிரிக்க ராணுவம் தத்தெடுத்தது. முதல் தலைவர் ஆந்த்ரே மட்சங்கைசா 1979ல் போரில் இறந்தபின், அஃபோன்சோ ட்லகாமா தலைமைக்கு வந்தார்.

ரெனாமோ வெளியாரின் கைப்பாவை மட்டுமே என்று ஃபிரெலிமோ நெடுங்காலம் சொல்லிவந்தது. அது பாதி உண்மை. குடியானவர்களைச் சொந்த நிலத்திலிருந்து கிளப்பிப் பொதுக் கிராமங்களில் குடியேற்றியது, ஊர்த் தலைவர்களின் மரபு அதிகாரத்தைப் பறித்தது, தேவாலயங்களின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அரசுடைமை ஆக்கியது ஆகியவற்றால் மாஷெலின் அரசு கிராமப்புறங்களில் பகையைச் சம்பாதித்திருந்தது. நாட்டின் நடுப்பகுதி மக்களுக்கு, ஆட்சியில் இருப்பவர்கள் எல்லாம் தெற்கத்திக்காரர்கள் என்ற மனக்குறை வேறு. வெளியிலிருந்து வைத்த நெருப்புக்கு உள்ளே காய்ந்த சருகு இருந்தது. இதை அரசு ஒப்புக்கொள்ளாதவரை பேச்சுவார்த்தைக்கு வழி பிறக்கவில்லை.

ரெனாமோ நடத்திய போரின் கொடூரத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ரயில் பாதை, பேருந்து, மின்கோபுரம் என அரசின் அடையாளம் இருந்த எல்லாம் அதன் இலக்குகள். சாம்பெசி ஆற்றின் குறுக்கே எழுந்த கஹோரா பாசா என்ற பிரம்மாண்டமான அணையிலிருந்து மின்சாரம் கொண்டுசென்ற கோபுரங்களை ரெனாமோ வரிசையாக வெடிவைத்து வீழ்த்தியதால், ஆண்டுக்கணக்கில் அந்த அணை பயனற்றுக் கிடந்தது. சிறுவர்களைப் பிடித்துச் சென்று சொந்த ஊரையே தாக்கவைத்தனர். 1987 ஜூலையில் ஹொமோயின் என்ற சிற்றூரில் நடந்த படுகொலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் அவர்களில் அடக்கம். மறு ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறைக்காக ராபர்ட் கெர்சோனி என்பவர் அகதிகளைச் சந்தித்து ஓர் அறிக்கை தயாரித்தார். ரெனாமோ கொன்ற பொதுமக்கள் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்றது அந்த அறிக்கை. கம்யூனிச எதிர்ப்பு என்ற பெயரில் ரெனாமோவுக்கு உதவ வேண்டும் என்று வாஷிங்டனில் எழுந்துகொண்டிருந்த குரல் அதன்பின் வலுவிழந்தது. ஒரு போரை முடிப்பதில் உண்மையைப் பதிவு செய்வதற்கும் பங்கு உண்டு என்பதற்கு இந்த அறிக்கை சான்று.

முதல் ராஜதந்திர முயற்சி போர் உச்சத்தில் இருந்தபோதே நடந்தது. 1984 மார்ச் 16 அன்று, எல்லையோரம் ஓடும் இங்கோமாட்டி ஆற்றின் கரையில் மாஷெலும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் பி.டபிள்யூ. போத்தாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தென்னாப்பிரிக்காவின் இனவெறி அரசை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் போராளிகளுக்கு மொசாம்பிக் இடம் தராது. ரெனாமோவுக்குத் தென்னாப்பிரிக்கா உதவி செய்யாது. இதுதான் இங்கோமாட்டி உடன்பாடு. மாஷெல் தன் பங்கைக் காப்பாற்றினார். தென்னாப்பிரிக்கா காப்பாற்றவில்லை. 1985ல் கொரொங்கோசா மலைப்பகுதியில் ரெனாமோவின் தலைமைத் தளத்தை அரசுப் படையும் சிம்பாப்வே படையும் கைப்பற்றியபோது சில நாட்குறிப்பேடுகள் சிக்கின. ஒப்பந்தத்துக்குப் பிறகும் தென்னாப்பிரிக்க ராணுவத்திடமிருந்து பொருட்கள் வந்துகொண்டிருந்ததை அவை காட்டிக்கொடுத்தன. உடன்பாட்டைச் சரிபார்க்க மூன்றாவது தரப்பு எதுவும் இல்லாமல் போனது அதன் பெரிய ஓட்டை. அதைவிடப் பெரிய ஓட்டை, துப்பாக்கி ஏந்திய ரெனாமோவுக்கே அந்த மேசையில் நாற்காலி இல்லாதது.

1986 அக்டோபர் 19 அன்று மாஷெல் விமான விபத்தில் இறந்தார். அடுத்து வந்த ஜோவாக்கிம் சிசானோ நிதானமானவர். வெளியுறவு அமைச்சராகப் பல்லாண்டு இருந்து பேசிப் பழகியவர். போர்க்களத்தில் வெல்ல முடியாது என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்தார். உலகமும் மாறிக்கொண்டிருந்தது. சோவியத் உதவி வற்றியது. ஃபிரெலிமோ 1989ல் மார்க்சிய லெனினியக் கொள்கையைக் கைவிட்டது. தென்னாப்பிரிக்காவில் எஃப்.டபிள்யூ. டி கிளெர்க் அதிபர் பதவிக்கு வந்தார். 1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். இரு தரப்புக்கும் முதுகைத் தாங்கிய கைகள் விலகத் தொடங்கின.

முதல் தூது போனவர்கள் மதத் தலைவர்கள். ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே, கத்தோலிக்கப் பேராயர்கள் அலெஷாந்த்ரே தோஸ் சாந்தோஸ், ஜெய்மி கொன்சால்வெஸ் முதலியோர் ரெனாமோவோடு பேசச் சிசானோவிடம் அனுமதி பெற்றனர். ‘கொள்ளைக் கும்பல்’ என்று அரசு வானொலி தினமும் தூற்றிய ஒரு படையோடு பேசப் போவது அந்நாளில் துரோகமாகப் பார்க்கப்பட்ட காரியம். பெய்ரா நகரின் பேராயரான கொன்சால்வெஸ் 1988ல் ரகசியமாகக் காட்டுக்குள் இருந்த ரெனாமோ தளத்துக்குப் போய் ட்லகாமாவைச் சந்தித்தார். இருவருக்கும் தாய்மொழி ந்தாவு. போர்ச்சுகீசிய மொழியில் அறிக்கைகள் விட்டுப் பழகிய ஒரு போர்த்தலைவன், தன் ஊர்ப் பேச்சில் பேசும் ஒரு பாதிரியார் முன் உட்கார்ந்தான். நம்பிக்கையின் முதல் இழை அங்கே விழுந்தது.

1989ல் நைரோபியில் கென்ய அதிபர் டேனியல் அராப் மோயும் சிம்பாப்வே அதிபர் ராபர்ட் முகாபேவும் மத்தியஸ்தம் செய்ய முன்வந்தனர். அரசு பன்னிரண்டு அம்சக் கோரிக்கை வைத்தது. ரெனாமோ பதினாறு அம்சங்களில் பதில் கொடுத்தது. நேருக்கு நேர் சந்திப்பு நடக்கவில்லை. மோயை அரசு நம்பவில்லை. முகாபேயை ரெனாமோ நம்பவில்லை. முகாபேயின் ஆயிரக்கணக்கான வீரர்கள் மொசாம்பிக்குக்குள் அரசின் பக்கம் நின்று போரிட்டுக்கொண்டிருக்கும்போது அவரை நடுவராக எப்படி ஏற்பது? 1990 ஜூனில் மலாவியின் பிளான்டையர் நகரில் நேரடிச் சந்திப்புக்கு ஏற்பாடு ஆனது. அரசுக் குழு போய்க் காத்திருந்தது, ரெனாமோ வரவில்லை.

அடுத்த மாதமே இரு தரப்பும் ரோமுக்கு வந்தன. ரோமில் டைபர் ஆற்றுக்கு மேற்கே த்ராஸ்தேவெரே என்ற பழைய பகுதியில், முன்பு கர்மேல் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில் சாந்த் எஜிடியோ சமூகம் இயங்குகிறது. 1968ல் ஆந்த்ரேயா ரிக்கார்தி என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் சில நண்பர்களோடு தொடங்கிய அமைப்பு அது. நகரின் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, முதியோரைக் கவனிப்பது, பசித்தவர்க்கு உணவு கொடுப்பது அவர்கள் வேலை. கொன்சால்வெஸ் 1970களில் ரோமில் படித்தபோது அவர்களுக்கு நண்பரானார். தம் நாட்டில் தேவாலயம் நெருக்கடியில் இருப்பதை அவர் சொல்ல, அவர்கள் மொசாம்பிக் பக்கம் கவனத்தைத் திருப்பினர். அன்றைய இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் என்ரிகோ பெர்லிங்குவர் மூலம் ஃபிரெலிமோ அரசோடு தொடர்பு கிடைத்தது. பஞ்ச காலத்தில் மருந்தும் தானியமும் அனுப்பினர். பத்தாண்டு உதவிக்குப் பிறகுதான் மத்தியஸ்தம் வந்தது. அவர்களிடம் ராணுவம் இல்லை, எண்ணெய் நிறுவனம் இல்லை, மொசாம்பிக்கில் அடையவேண்டிய ஆதாயமும் இல்லை. மோய், முகாபே இருவரிடமும் இல்லாத தகுதி அது.

1990 ஜூலை 8 அன்று முதல் சந்திப்பு. அரசுக் குழுவுக்கு அமைச்சர் அர்மாந்தோ கெபூசா தலைவர். ரெனாமோவுக்கு ரவுல் டொமிங்கோஸ். ஒருவரையொருவர் கொல்ல ஆண்டுக்கணக்கில் முயன்றவர்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தனர். பிரிப்பதை ஒதுக்கிவைத்து, இணைப்பதைத் தேடுவோம் என்ற அழைப்போடு ரிக்கார்தி கூட்டத்தைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து வெளியான கூட்டறிக்கையில் இரு தரப்பும் தாங்கள் ஒரே மொசாம்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டன. சம்பிரதாயச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அதுவரை ‘கொள்ளையர்’ என்றும் ‘கொடுங்கோலர்’ என்றும் அழைத்தவர்கள் முதன்முறையாக ஒரே தாளில் சேர்ந்து எழுதிய வாசகம் அது.

தொடக்கத்தில் சாந்த் எஜிடியோவினர் வெறும் பார்வையாளர்கள். மத்தியஸ்தர் இல்லாமல் நேரடியாகப் பேசுவது என்பதே ஏற்பாடு. சில மாதங்களில் அது முட்டி நின்றது. கென்யா வேண்டும் என்று ஒரு பக்கமும் சிம்பாப்வே வேண்டும் என்று மறுபக்கமும் இழுத்தன. கடைசியில் வீட்டில் இருந்தவர்களையே மத்தியஸ்தர்கள் ஆக்கிக்கொள்வது என முடிவாயிற்று. ரிக்கார்தி, இளம் பாதிரியார் மத்தேயோ சுப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் சோஷலிஸ்ட் எம்.பி. மாரியோ ரஃபாயெல்லி ஆகிய நால்வர் அந்தப் பொறுப்பை ஏற்றனர். ஒருவர் மொசாம்பிக் நாட்டவர், ஒருவர் அரசின் ஆள், இருவர் தொண்டர்கள். இந்தக் கலவைதான் ரோம் முயற்சியின் பலம். ரஃபாயெல்லி இருந்ததால் இத்தாலியின் கஜானா திறந்தது. கொன்சால்வெஸ் இருந்ததால் ட்லகாமா பேசினார். அந்த இளம் பாதிரியார் சுப்பி பின்னாளில் கர்தினால் ஆனார். 2023ல் உக்ரைன் போர் தொடர்பாகப் போப் பிரான்சிஸ் கீவுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்பிய தூதர் அவரே.

பேச்சுவார்த்தை 27 மாதங்கள் இழுத்தது. 1990 டிசம்பரில் முதல் சிறு வெற்றி. கடற்கரைத் துறைமுகங்களை உள்நாட்டோடு இணைக்கும் பெய்ரா, லிம்போபோ ரயில் தடங்களை ஒட்டிய பட்டைக்குள் சிம்பாப்வே படை ஒதுங்கிக்கொள்ளும். ரெனாமோ அந்தத் தடங்களைத் தாக்காது. பல நாடுகளின் பிரதிநிதிகள் கொண்ட குழு அதைக் கண்காணிக்கும். நடைமுறையில் மீறல்கள் இருந்தன. என்றாலும் இங்கோமாட்டியில் இல்லாத கண்காணிப்பு இங்கே வந்துவிட்டது.

அதன்பின் வந்தது கடினமான கேள்வி. தேர்தல் நடக்கும்வரை நாட்டை ஆள்வது யார்? சிசானோவின் அரசு சட்டப்படியான அரசு, அதன் கீழ்தான் எல்லாம் என்றது ஃபிரெலிமோ. அந்த அரசையே ஏற்கவில்லை, ஐ.நா. வந்து நடத்தட்டும் என்றது ரெனாமோ. 1991 அக்டோபர் 18 அன்று கையெழுத்தான முதல் உடன்படிக்கை இதற்கு ஓர் அழகான வழி கண்டது. ரெனாமோ ஆயுதத்தைக் கைவிட்டு அரசியல் கட்சியாக மாறும், அரசின் சட்டங்களுக்குள் நடக்கும். அரசோ, பேசி முடிவானவற்றுக்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றாது. ஒருவர் அரசை ஏற்றார், மற்றவர் எதிராளியை ஏற்றார். யாரும் தோற்றதாகச் சொல்லவேண்டி வரவில்லை. கட்சிகள் பதிவு, தேர்தல் முறை பற்றிய உடன்படிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. 1992ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், ஐ.நா. ஆகியோர் பார்வையாளர்களாக அறைக்குள் வந்தபின், படைக்கலைப்பு, போர்நிறுத்தம் போன்ற தொழில்நுட்ப விவகாரங்கள் வேகம் பிடித்தன. அவை தொண்டர்களுக்குக் கைவராத வேலை. அதை அவர்களும் உணர்ந்தே இருந்தனர்.

இதற்கிடையில் வானம் பொய்த்தது. 1991–92ல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் வாட்டிய வறட்சி அந்த நூற்றாண்டின் மிகக் கொடியவற்றுள் ஒன்று. ரெனாமோ படை குடியானவர்களின் விளைச்சலைப் பறித்துத் தின்று வாழ்ந்த படை. வயல் காய்ந்தபோது பறிக்கவும் ஒன்றுமில்லை. 1992 ஜூலையில் நிவாரண உணவு இரு தரப்புப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்ல ரோமில் உடன்பாடு ஏற்பட்டது. ஆகஸ்டில் சிசானோவும் ட்லகாமாவும் ரோமில் முதன்முறையாகச் சந்தித்தனர். முகாபேவும் உடன் இருந்தார். லான்ரோ என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் தலைவர் டைனி ரோலண்ட் தம் விமானத்தில் ட்லகாமாவை அங்கும் இங்கும் அழைத்துப்போனார். மொசாம்பிக்கில் அவருக்குப் பெரிய பண்ணைகளும் வணிக நலன்களும் இருந்தன. தூய நோக்கம் கொண்டவர்களும் கணக்குப் பார்த்தவர்களும் ஒரே திசையில் தள்ளியபோதுதான் தேர் நகர்ந்தது.

அக்டோபர் 4 அன்று இரு தலைவர்களும் கையெழுத்திட்டனர். அதே வாரத்தில் ஆப்பிரிக்காவின் மறுகரையில் ஒரு விபரீதம் அரங்கேறிக்கொண்டிருந்தது. போர்ச்சுகலின் மற்றொரு முன்னாள் காலனியான அங்கோலாவில் செப்டம்பர் 29, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. அங்கே இரு படைகளும் முழுமையாகக் கலைக்கப்படாமலே மக்கள் வாக்களித்தனர். சில நூறு ஐ.நா. பார்வையாளர்களே அந்தப் பரந்த நாட்டுக்கு. பின்தங்கிய கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். அக்டோபர் இறுதிக்குள் தலைநகர் லுவாண்டாவின் தெருக்களில் போர். அது 2002ல் சவிம்பி கொல்லப்படும்வரை ஓயவில்லை. மொசாம்பிக்கை நடத்தப்போகிறவர்கள் அங்கோலாவைப் பார்த்துப் பாடம் படித்தனர்: முதலில் படை கலைப்பு, பிறகுதான் தேர்தல்.

1992 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை தன் 797ஆம் தீர்மானத்தின் மூலம் மொசாம்பிக்குக்கு அமைதிப்படை அனுப்ப முடிவு செய்தது. உச்சத்தில் சுமார் 6,500 வீரர்கள். இத்தாலி, வங்கதேசம், உருகுவே, போட்ஸ்வானா, ஜாம்பியா ஆகியவை காலாட்படை அனுப்பின. இந்தியா பொறியியல், தளவாடப் பிரிவுகளை அனுப்பியது. படை வந்துசேர்வதற்குள் ஆறு மாதம் போயிற்று. ஒப்பந்தப்படி 1993 அக்டோபருக்குள் நடக்கவேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அவசரப்படாமல் தள்ளிப்போட்டது சரியான முடிவு. அட்டவணையைக் காப்பாற்றுவதற்காக அங்கோலா கொடுத்த விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக வந்த ஆல்தோ ஆயெல்லோ என்ற இத்தாலியர் விதிப்புத்தகத்தைவிட மனிதர்களை அதிகம் படித்தவர். காட்டில் வளர்ந்த படை கட்சியாக மாறவேண்டுமானால் அலுவலகம் வேண்டும், கார் வேண்டும், தொண்டர்களுக்குச் சம்பளம் வேண்டும். ரெனாமோவுக்கென்று ஒரு நிதியம் தொடங்கி, நன்கொடை நாடுகளிடமிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் திரட்டினார். ட்லகாமாவுக்கே ஒரு காலத்துக்கு மாதம் 3 லட்சம் டாலர் போனது. கைகளில் ரத்தக்கறை படிந்தவர்களுக்குப் பணமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் ட்லகாமா காட்டைவிட்டுத் தலைநகர் மாபுட்டோவுக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே. அமைதிப்படையின் மொத்தச் செலவு ஏறத்தாழ 50 கோடி டாலர். அதோடு ஒப்பிட இது சிறு தொகை.

நாடெங்கும் 49 முகாம்களில் இரு படைகளின் வீரர்களும் கூடினர். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் புதிய தேசிய ராணுவத்தில் சேரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். இரு தரப்பிலிருந்தும் சம பங்காக 30,000 பேர் கொண்ட ராணுவம் என்பது ரோமில் போட்ட திட்டம். சேர முன்வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. சுமார் 12,000 பேர்தான். மற்றவர்களுக்குப் போர் போதும் போதும் என்று ஆகியிருந்தது. 1994ன் நடுவில் முகாம்களில் கலகம் வெடித்தது. சாலைகளை மறித்தனர், அதிகாரிகளைப் பிடித்துவைத்தனர். அவர்கள் கேட்டது சண்டையை அல்ல, உடனே வீட்டுக்கு அனுப்பும்படிதான். தலைவர்கள் மனம் மாறினாலும் மீண்டும் போரிட ஆள் கிடைக்காது என்பதை அந்தக் கலகங்கள் தெளிவாக்கிவிட்டன. மொத்தம் சுமார் 78,000 பேர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் அரசின் ஆறு மாதச் சம்பளமும், அதற்குமேல் வெளிநாட்டு உதவியில் பதினெட்டு மாதத் தொகையும் உண்டு. அந்தத் தொகையைத் தாங்கள் குடியேறப்போகும் மாவட்டத்தின் வங்கிக் கிளையில்தான் வாங்கலாம். இரண்டு ஆண்டுகள் தளபதியை நம்பாமல் பிழைக்க முடிந்தது. பழைய படைப்பிரிவுகள் தாமாகவே கரைந்து ஊர்களில் கலந்தன. இத்தனை எளிய ஏற்பாடு செய்த வேலையைப் பல பெரிய தீர்மானங்கள் செய்ததில்லை.

1994 அக்டோபர் 27 அன்று வாக்குப்பதிவு. முந்தின நாள் மாலை, மோசடி நடக்கப்போகிறது என்று சொல்லி ட்லகாமா தேர்தலைப் புறக்கணித்தார். அங்கோலா திரும்ப வருகிறதோ என்று தூதரகங்கள் நடுங்கின. மறுநாள் விடியுமுன்பே கிராமங்களில் மக்கள் வரிசையில் நின்றுவிட்டனர். ரெனாமோ பகுதிகளிலும் வரிசை கலையவில்லை. ஆயெல்லோவும் தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் ட்லகாமாவை விடாமல் பேசினர். அவருடைய புகார்கள் விசாரிக்கப்படும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தனர். இரண்டாம் நாள் அவர் திரும்ப வந்தார். வாக்குப்பதிவு ஒரு நாள் கூடுதலாக நீட்டிக்கப்பட்டது. பதிவு செய்திருந்தவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். சிசானோவுக்கு 53 சதவீதம், ட்லகாமாவுக்கு 34 சதவீதம். நாடாளுமன்றத்தின் 250 இடங்களில் ஃபிரெலிமோ 129, ரெனாமோ 112. ட்லகாமா தோல்வியை ஏற்றார். மலாவியிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் 17 லட்சம் அகதிகள் ஊர் திரும்பினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலையில் சுமையோடு சொந்தக் காலில் நடந்தே திரும்பியவர்கள்.

இந்த அமைதியின் இன்னொரு பக்கம் நீதி. ரோம் ஒப்பந்தத்தில் விசாரணைக்கு இடமில்லை. கையெழுத்தாகிச் சில நாட்களிலேயே நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. ஹொமோயினுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அரசுப் படை செய்த கொடுமைகளுக்கும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பின்னர் வந்தது போன்ற உண்மை ஆணையம் அமைக்கப்படவே இல்லை. அந்தப் பாரத்தைக் கிராமங்கள் தங்கள் முறையில் சுமந்தன. காட்டிலிருந்து திரும்பிய சிறுவனை என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு வெளியே புல்லால் ஒரு சிறு குடிசை கட்டுவார்கள். போர்க்கால உடையோடு அவன் உள்ளே போய் அதைக் களைந்துவிட்டு வெளியேற, உடையோடு குடிசையைக் கொளுத்துவார்கள். பிறகு நாட்டு வைத்தியர் மூலிகை நீரில் குளிப்பாட்டுவார். இறந்தவர்களின் ஆவி அவனை விடும் என்பது நம்பிக்கை. பல்லாயிரம் பேரை ஊர் மீண்டும் ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சடங்குகள் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆனால் சடங்கு குற்றவாளியை ஊரோடு சேர்த்துவைக்கும். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு சொல்லவேண்டிய பதிலை அது சொல்லாது.

ஆயுதங்கள் நெடுநாள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. 1995ல் மொசாம்பிக் கிறித்தவ மன்றம், ஆயர் செங்குலானேயின் முயற்சியில், துப்பாக்கி கொண்டுவந்தால் மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அறுத்து நொறுக்கிய துப்பாக்கிகளைக் கொண்டு கலைஞர்கள் சிற்பங்கள் செய்தனர். அவற்றில் ஒன்றான ‘ஆயுத சிம்மாசனம்’ இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியின் கை, கால், முதுகு எல்லாம் வெளிநாடுகளில் செய்த துப்பாக்கிகள்; மொசாம்பிக்கில் செய்தது ஒன்றுகூட இல்லை. கண்ணிவெடிகளை முழுவதும் அகற்ற 2015 வரை ஆயிற்று.

ரோம் ஒப்பந்தம் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்க்காமல் விட்டது. ரெனாமோ தன் தலைவரின் பாதுகாப்புக்கென்று சில நூறு ஆயுதக் காவலர்களை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றது. தற்காலிகம் என்று வைத்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஃபிரெலிமோ ஒவ்வொரு தேர்தலிலும் வென்றது. அரசுப் பதவியும் வணிக வாய்ப்பும் அதன் ஆட்கள் கையிலேயே தங்கின. 1994ல் கிட்டத்தட்ட பாதி நாடாளுமன்றத்தைப் பிடித்த கட்சிக்கு ஒரு மாகாணத்தின் ஆளுநர் பதவிகூடக் கிடைக்கவில்லை. வென்றவருக்கே எல்லாம் என்ற விதி, போரால் பிளந்த நாட்டுக்குப் பொருந்தாத விதி. ரோமில் அதை யாரும் அழுத்திப் பேசவில்லை. 2012ல் ட்லகாமா மறுபடியும் கொரொங்கோசா காட்டுக்குப் போனார். மறு ஆண்டு துப்பாக்கிச் சூடு தொடங்கியது. முந்தைய போரின் அளவுக்கு அது பெருகவில்லை. ஆனாலும் மக்கள் மீண்டும் மலாவிக்கு ஓடினர்.

இரண்டாவது அமைதிக்கு ஸ்விட்சர்லாந்துத் தூதர் மிர்கோ மன்சோனி பாடுபட்டார். அதிபர் ஃபிலிப் நியூசி கொரொங்கோசா மலைக்குப் போய் ட்லகாமாவை நேரில் சந்தித்தார். 2018 மே மாதம் ட்லகாமா இறந்தபோதும் பேச்சு நிற்கவில்லை. 2019 ஆகஸ்ட் 6 அன்று நியூசியும் ரெனாமோவின் புதிய தலைவர் ஒசூஃபோ மொமாதேயும் மாபுட்டோவில் ஒப்பந்தம் செய்தனர். மாகாண ஆளுநர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை அந்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. வடக்கே காபோ தெல்காதோ மாகாணத்தில் 2017ல் தொடங்கிய இஸ்லாமியவாதக் குழுவின் வன்முறை வேறு காரணங்களால் எழுந்த வேறு போர். அது இன்னும் தீரவில்லை. 2024 தேர்தலுக்குப் பின் தலைநகரின் தெருக்களில் சிந்திய ரத்தம், வாக்குப்பெட்டி மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதைக் காட்டியது. ஆனால் ஃபிரெலிமோ, ரெனாமோ போர் முடிந்துவிட்டது. 2023 ஜூனில் ரெனாமோவின் கடைசித் தளம் மூடப்பட்டது. 2019 ஒப்பந்தத்தின்கீழ் விடுவிக்கப்பட்ட 5,221 போராளிகளில் எஞ்சியிருந்தவர்கள் அன்று ஆயுதத்தை ஒப்படைத்தனர். ரோமில் கையெழுத்தாகி அப்போது முப்பது ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகியிருந்தன.